எக்கோ அறையில் அவள் முறை

மூன்று விரல்களை வரிசையாக வைத்து, அந்தப் பெரியவரின் வலது தொடையிடுக்கில் அவள் அழுத்திக்கொண்டிருந்தாள். தொடை வழியாகக் குழாய் விட்டு இதயத்தைப் படம் எடுத்திருந்தார்கள். குழாயை உருவிய பிறகு ரத்தக்குழாயில் ஒரு துளை இருக்கும். அது அடைபடும் வரை விரலை எடுக்கக் கூடாது. எடுத்தால் கட்டில் நனைந்துவிடும். அழுத்துவதற்கு வேறு வசதிகள் வந்துவிட்டன என்றாலும், எங்கள் பெரிய டாக்டருக்கு விரல் மேல்தான் நம்பிக்கை. இதய மருத்துவம் படிக்க வருகிற டாக்டர் யாராக இருந்தாலும் அவரிடம் முதலில் கற்றுக்கொள்வது இந்த அழுத்தலைத்தான்.

“டாக்டரம்மா, நான் எங்கேயும் ஓடிப்போயிட மாட்டேன். கொஞ்சம் விட்டுப் பிடியேன்” என்றார் பெரியவர்.

“நீங்க ஓட மாட்டீங்க தாத்தா. உங்க ரத்தம் ஓடிடும்.”

அவள் கோட்டுப் பையில் போன் அடித்தது. “சிஸ்டர், அப்பாவாத்தான் இருக்கும். எடுத்துக் காதுல வைங்களேன்” என்றாள். நான் அந்த வார்டுக்குப் பொறுப்பு நர்ஸ். போனை எடுத்து அவள் காதோரம் பிடித்தேன். பிடித்திருக்கவே வேண்டாம். மோட்டார் சத்தத்துக்கு நடுவில் பேசிப் பழகியவர் குரல் வார்டு முழுக்கக் கேட்டது.

“பாப்பா, சாப்பிட்டியா?”

“ஆச்சுப்பா. இன்னைக்கும் படி ஏறினியா?”

“லிஃப்ட் ரிப்பேருக்குப் போறவன் படி ஏறாம, பறந்தா போவான்? நடுவுல ரெண்டு தடவை உக்காந்துட்டேன். அதை விடு. எனக்கு எக்கோ எப்ப?”

“அடுத்த போஸ்டிங் எனக்கு எக்கோ ரூம்தான்ப்பா. இந்த மாசம் முடியட்டும், நானே பாத்துடறேன்.”

“அவசரமே இல்லம்மா. உன் கையால பாத்தாப் போதும்.”

பெரியவர் படுத்தபடியே தலையைத் திருப்பி, “உங்கப்பாவா? நல்ல மனுஷன். என் சத்தம்தான் பெரிசுன்னு நினைச்சேன்” என்றார். அவள் சிரித்தாள். விரல் மட்டும் அசையவில்லை.

அவளுக்கு வார்டு ஆயா வைத்த பெயர் ஒத்தைப்பின்னல் டாக்டர். இரண்டு பின்னல் போட நேரமில்லை, கொண்டை போடப் பொறுமையில்லை. குளித்த கையோடு ஒரே பின்னலை இழுத்துப் போட்டுக்கொண்டு வந்து நிற்பாள். அவள் வீடு எங்கள் தெருவுக்கு அடுத்த தெரு. அப்பா லிஃப்ட் மெக்கானிக், அம்மா வீட்டிலேயே துணி தைப்பவர். ஒரே பெண். பள்ளியில் படிக்கிற காலத்தில் லீவு நாட்களில் அப்பாவோடு மொட்டைமாடி மோட்டார் அறைக்குப் போய், அவர் கேட்கிற ஸ்பேனரை எடுத்துக் கொடுத்தவள். சாமான் பேர் சொன்னால் பார்க்காமலே கை நீட்டி எடுக்கும் பழக்கம் அங்கே வந்ததுதான். அவர் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிவார்: “என் பொண்ணும் மோட்டார் மெக்கானிக்தான். என்ன, அவளோடது சின்ன மோட்டார்.”

டாக்டருக்குப் படித்து, அதற்கு மேல் பொது மருத்துவம் படித்து, அதற்கும் மேல் இதயத்துக்கென்று மூன்று வருஷம் படிக்க எங்களிடம் வந்தாள். இந்த மூன்று வருஷமும் அவர்களுக்கு ஒரே இடத்தில் இருப்பு கிடையாது. இதய வார்டு, எக்கோ அறை, குழாய் விட்டுச் சிகிச்சை செய்கிற கேத் லேப், பேஸ்மேக்கர் பிரிவு, குழந்தைகள் பிரிவு என்று இரண்டு மாதத்துக்கு ஒரு தடவை மாற்றிவிடுவார்கள். மாறுகிற அன்று பார்த்தால் வாடகை வீடு காலி செய்கிற மாதிரி இருக்கும். காப்பிக் கோப்பை, சார்ஜர், பாதி படித்த புத்தகம் எல்லாவற்றையும் பைக்குள் திணித்துக்கொண்டு போவார்கள். போன பிறகு நோயாளிகள் எங்களைப் பிடித்துக்கொள்வார்கள். “நேத்து வரைக்கும் பாத்த டாக்டர் எங்கே? இவர் புதுசா இருக்காரே?” பதில் சொல்கிறவர்கள் நாங்கள்தான்.

அப்பாவின் மூச்சு வாங்கல் மழைக்காலத்தில் ஆரம்பித்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் குளித்துவிட்டு வந்து உட்கார்ந்திருந்தபோது, விளையாட்டாக ஸ்டெதாஸ்கோப்பை வைத்துப் பார்த்திருக்கிறாள். விளையாட்டு அதோடு நின்றுவிட்டது. இதயத்திலிருந்து உடம்புக்கு ரத்தம் போகிற வாசலில் ஒரு கரகரப்பு. கழுத்து வரைக்கும் அந்தச் சத்தம் ஏறியிருந்தது. வால்வு சுருங்கினால் வருகிற சத்தம் அது. எவ்வளவு சுருங்கியிருக்கிறது என்று காது சொல்லாது. நெஞ்சில் கருவியை வைத்து, இதயம் அடிப்பதைத் திரையில் பார்த்து அளக்க வேண்டும். அதற்குப் பெயர்தான் எக்கோ. கால் மணி, அரை மணி வேலை.

மறுநாள் இதை என்னிடம் சொன்னாள். “அப்போ இன்னைக்கே கூட்டிட்டு வந்துட வேண்டியதுதானே?” என்றேன்.

“அடுத்தது என் போஸ்டிங்தானே சிஸ்டர். அப்பாவும் நான் பாத்தாத்தான்னு அடம்பிடிக்கிறார்.”

அவர் அடம் உண்மைதான். வாசலில் ஒரு நாள் பார்த்தபோது என்னிடமே சொன்னார், “சிஸ்டரம்மா, இவளைப் படிக்க வச்சது எதுக்கு? கண்டவன் வந்து என் நெஞ்சுல பசையைத் தடவுறதுக்கா?” சொல்லிவிட்டு ஒரு மூச்சு இழுத்துக்கொண்டார்.

போஸ்டிங் மாறுகிற வாரம் வந்தது. அவளோடு படிக்கிற பையன் ஒருவன் இருந்தான். எங்கே உட்கார்ந்தாலும் கண் சொக்கிவிடும், அதனால் தூங்குமூஞ்சி. அவனுக்கு கேத் லேப், அவளுக்கு எக்கோ என்றுதான் போட்டிருந்தார்கள். அதற்குள் ஒரு செய்தி வந்தது. பெரிய டாக்டர் இரண்டு மாதம் கழித்து நீண்ட விடுப்பில் வெளிநாடு போகிறார். அவருக்குப் பதில் வருகிறவர் படிக்கிற பிள்ளைகளை மேஜைக்குப் பக்கத்தில் நிற்க விடுவாரே தவிர, ரத்தக்குழாய்க்குள் விடுகிற கம்பியைத் தொடவிட மாட்டார். பெரிய டாக்டர் அப்படி இல்லை. கை நன்றாக இருந்தால் கம்பியைக் கொடுத்துவிட்டுப் பக்கத்தில் நின்று திட்டுவார். அந்தத் திட்டுக்காகத் தவம் கிடக்கும் கூட்டம் அது.

வார்டுக்கு வெளியே தாழ்வாரத்தில் இரண்டு பேரும் பேசியது என் காதில் விழுந்தது.

“டேய், எக்கோவை நீ எடுத்துக்கோ. கேத் லேப் எனக்குக் குடு.”

“எக்கோ ரூம்ல ஏசி இருக்கு, இருட்டு இருக்கு, நாற்காலியும் இருக்கு. இதைக் கேக்கணுமா? எடுத்துக்க, எடுத்துக்க.”

“தூங்கி பேஷண்ட் மேலயே சாஞ்சிடாதே.”

“சாஞ்சா இதயத் துடிப்பு நல்லாக் கேக்கும். அதுவும் ஒரு பரிசோதனைதான்.”

போஸ்டிங்கை இப்படித் தங்களுக்குள் மாற்றிக்கொள்வது அவர்களிடம் வழக்கம். மேலே ஒரு வார்த்தை சொன்னால் போதும், யாரும் ஏன் என்று கேட்பதில்லை. கல்யாணத்துக்கு மாற்றிக்கொள்வார்கள், பரீட்சைக்கு மாற்றிக்கொள்வார்கள். இவள் கம்பிக்காக மாற்றிக்கொண்டாள்.

அவன் போன பிறகு, “அப்பாவுக்கு?” என்று கேட்டேன்.

“ரெண்டு மாசம்தானே சிஸ்டர்.”

“அந்தப் பையன் அங்கேதானே இருக்கப்போறான்? அவன்கிட்ட ஒரு தடவை காட்டிடு.”

“அவனா? வாசக்கதவை அளக்கச் சொன்னா ஜன்னலை அளந்து எழுதுவான்.”

அது நியாயமில்லாத பேச்சு. அவனுக்குத் தூக்கம் வரும், கை சுத்தம். அது அவளுக்கும் தெரியும். ஆனால் வருஷக்கணக்காக அவனைக் கேலி செய்தவளுக்கு, அவன் முன்னால் போய் நின்று ‘எங்கப்பாவைப் பாரு’ என்று கேட்க நாக்கு வரவில்லை. ரொம்ப நாள் கழித்து வேறொரு காரணமும் சொன்னாள். மற்றவர் பார்த்துவிட்டால் அது வியாதி ஆகிவிடும், தான் பார்க்கும் வரை அது வெறும் சத்தம்தான் என்று மனசுக்குள் வைத்திருந்தாளாம். வெளியார் ஒருவர் இப்படிச் சொல்லியிருந்தால் என்ன பைத்தியக்காரத்தனம் என்று அவளே கேட்டிருப்பாள்.

கேத் லேப்பில் அவள் கை பேசியது. எக்ஸ்ரே கதிரைத் தடுக்கிற ஈயக் கோட்டுக்குள் வியர்த்து வழிய நின்று, தலைமுடியைவிடச் சற்றே தடித்த கம்பியை, அடைத்துக்கொண்ட ரத்தக்குழாய்க்குள் நெளித்து நெளித்துக் கொண்டுபோவாள். பெரிய டாக்டர் திட்டுவதைக் குறைத்தார். அவரிடம் அதுதான் பாராட்டு. இரண்டு மாதம் முடிகிற நேரத்தில் அவர் பயணம் தள்ளிப்போனது. “இன்னும் ஒரு மாசம் இங்கேயே இரு. உன் கை இப்போதான் படிஞ்சிருக்கு, விட்டா திரும்ப வராது” என்றார். சரி சார் என்றாள். யோசிக்கக்கூட இல்லை.

வீட்டில் அம்மா தையல் மெஷினை நிறுத்திவிட்டுச் சொன்னாராம், “ஊர்ல இருக்கறவன் நெஞ்சுக்குள்ள எல்லாம் கம்பி விட்டுப் பாக்குறா. வீட்டுல இருக்கறவர் நெஞ்சுக்கு மட்டும் நாள் பாத்துக்கிட்டிருக்கா.”

“ஏன்டி அவளை அரிக்கிற? பெரிய டாக்டரே இவ கைதான் வேணும்னு இருத்தி வச்சிருக்கார்” என்று அப்பா அடக்கிவிட்டார். படியில் ஒரு நாள் கண் இருட்டிக்கொண்டு வந்ததை அவர் அன்று சொல்லவில்லை. பிறகு அம்மாவிடம் மட்டும் மெதுவாகச் சொல்லி, வெயில் என்று முடித்துவிட்டார். வெயிலே வராத மாடிப்படி அது.

அவள் ஆசைப்பட்டதில் எனக்குக் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆண்பிள்ளைகள் நிறைந்த அந்த அறையில் ஒரு பெண் கம்பியைக் கையில் வாங்குவது லேசு இல்லை. கிடைத்ததை விட்டால் போய்விடும் என்பது நிஜம். ஆனால் அப்பாவின் நெஞ்சை எதற்கு அந்த ஆசையோடு சேர்த்து முடிச்சுப் போட்டாள்? இரண்டும் தனித்தனி. நாற்பது வருஷம் வார்டில் இருந்த எனக்கு ஒன்று தெரியும். வியாதிக்கு நம்முடைய போஸ்டிங் வரிசை தெரியாது.

ஒரு நாள் காலை பதினொரு மணி இருக்கும். அடுக்குமாடிக் குடியிருப்பின் வாட்ச்மேன் ஒருவர் ஆட்டோவில் அவள் அப்பாவை எங்கள் வாசலில் கொண்டுவந்து இறக்கினார். மோட்டார் அறைக்குப் போகிற வழியில் படியில் மயங்கி விழுந்துவிட்டார். நெற்றியில் அடி, சட்டையில் கிரீஸ். நினைவு திரும்பியிருந்தது. ஸ்ட்ரெச்சரில் படுத்துக்கொண்டே என்னைப் பார்த்துவிட்டு, “சிஸ்டரம்மா, லிஃப்ட் இன்னும் ஓடலை, பாதியில நிக்குது. யாரையாச்சும் அனுப்பச் சொல்லுங்க” என்றார்.

“அது நிக்கட்டும். நீங்க வாயை மூடிக்கிட்டுப் படுங்க.”

கேத் லேப்புக்கு ஆள் அனுப்பினேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவள் ஒரு நோயாளியின் இதயத்துக்குள் கம்பியை வைத்துக்கொண்டு நின்றாள். செய்தியைச் சொன்னார்கள். தலை மட்டும் திரும்பியது. கையில் ஒருத்தர் உயிர் இருக்கும்போது விட்டுவிட்டு வர முடியாது. பெரிய டாக்டர் அப்போது பக்கத்து அறையில் வேறொரு கேஸில் இருந்தார். அவர் கைகழுவி உள்ளே வந்து கம்பியை வாங்கும் வரை அவள் நின்றுதான் ஆக வேண்டியிருந்தது.

அதற்குள் அப்பாவை எக்கோ அறையில் படுக்க வைத்துவிட்டோம். தூங்குமூஞ்சி சட்டைப் பித்தானைக் கழற்றி, ஜெல்லைத் தடவி, கருவியை வைத்தான். அன்று அவன் கண்ணில் தூக்கம் இல்லை.

“நீங்கதானா அந்தத் தூக்கம்?” என்று கேட்டார் அப்பா.

“நான்தான் அப்பா. இடது பக்கம் கொஞ்சம் திரும்புங்க. மூச்சை விட்டு நிறுத்துங்க.”

“என் பொண்ணு வர்ற வரைக்கும் நிறுத்தணுமா?”

“அவ்வளவு நேரம் வேண்டாம்.”

அவள் ஓடி வந்தபோது ஈயக் கோட்டைக்கூடக் கழற்றவில்லை. வாசலில் நின்றே திரையைப் பார்த்தாள். வால்வு சுண்ணாம்பு படிந்து, அசையவே யோசித்தது. அது மட்டும் என்றால் சமாளித்திருக்கலாம். குறுகின வாசலை முட்டித் தள்ளித் தள்ளி, இதயத்தின் தசை வீங்கித் தளர்ந்துபோயிருந்தது. அடிக்கிறதா, நடுங்குகிறதா என்று எனக்கே தெரியவில்லை. அவள் ஸ்டெதாஸ்கோப் வைத்துக் கேட்ட மழைக்காலத்தில் அந்தத் தசை தெம்பாக இருந்திருக்கும் என்று எல்லா டாக்டர்களும் பிறகு சொன்னார்கள். அவளிடம் சொல்லவில்லை. அவளுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதும் இல்லை.

தூங்குமூஞ்சி நாற்காலியை விட்டு எழுந்து கருவியை நீட்டினான். “நீயும் ஒரு தடவை பாத்துக்க.”

“வேண்டாம். நீ சரியாத்தான் பாத்திருக்க.”

“பாப்பா, நீ பாக்கலியா?” என்று அப்பா கேட்டார்.

“அவன் பாத்ததே போதும்ப்பா.”

“என்னம்மா இப்படிச் சொல்ற? இத்தனை மாசம் காத்துக்கிட்டிருந்தேனே.”

அவர் குறையாகச் சொல்லவில்லை, விளையாட்டாகத்தான் சொன்னார். அவள் ஒரு துண்டை எடுத்து அவர் நெஞ்சில் இருந்த ஜெல்லைத் துடைக்க ஆரம்பித்தாள். துடைத்து முடிந்த பிறகும் துடைத்துக்கொண்டிருந்தாள். நான்தான் துண்டை வாங்கினேன்.

சாயங்காலத்துக்குள் அறுவை சிகிச்சை டாக்டர் வந்து பார்த்துவிட்டார். நெஞ்சைத் திறந்து வால்வு மாற்றினால் இந்தத் தசை தாங்காது, நான் கை வைக்க மாட்டேன் என்று நேராகச் சொன்னார். தொடை வழியாகவே புது வால்வைக் கொண்டுபோய் வைக்கிற சிகிச்சை ஊரின் மறுகோடியில் ஒரு மருத்துவமனையில் உண்டு. அங்கே கேட்டுப் பாருங்கள், அவர்களும் உறுதி சொல்ல மாட்டார்கள் என்றார். பெரிய டாக்டர் தன் மேஜையிலிருந்து போனை எடுத்தார். “நான் அங்கே பேசறேன். இவ நம்ம பொண்ணுன்னு சொன்னா வரிசையில நிக்க வேண்டாம். இவளும் உள்ளே கூடவே இருக்கலாம்.”

“வேண்டாம் சார்” என்றாள்.

“ஏன்?”

“இதுவரைக்கும் நான் பாத்தது போதும் சார். நாளைக்கு நான் அவர் பொண்ணா மட்டும் போறேன். அவங்க எல்லாரையும் பாக்குற மாதிரி பாக்கட்டும்.”

அவர் போனைத் திரும்ப வைத்தார். அப்பாவுக்கு மட்டும் இது பிடிக்கவில்லை. “டாக்டர் பொண்ணைப் பெத்துட்டு நான் டோக்கன் எடுத்துக்கிட்டு உக்காரணுமா?” என்று முணுமுணுத்தார். “உக்காரத்தான்ப்பா வேணும்” என்றாள்.

அங்கே புது வால்வு வைத்தார்கள், வைத்தது நன்றாகவும் அமைந்தது. தசை மட்டும் திரும்பவில்லை. அதற்குப் பிறகு அவர் ஒன்றரை வருஷம் போல இருந்தார். ஒரு படிகூட ஏறவில்லை. நாற்காலியைத் தெருப்பக்கம் போட்டு உட்கார்ந்து, பழைய வாடிக்கையாளர்களுக்குப் போனிலேயே ரிப்பேர் சொல்லிக்கொண்டிருந்தார், அதே உரத்த குரலில். பேச்சுக்கு நடுவில் மூச்சு எடுக்க நிறுத்துவார். அவள் படிப்பை முடித்தாள். இன்று வேறொரு ஊரில் இதய டாக்டர். கம்பி பிடிப்பதில் நல்ல பெயர். வீட்டு மனிதர் யாருக்கும் தன் கையால் பரிசோதனை செய்வதில்லை. தலைவலி என்றால்கூட வேறொரு டாக்டரிடம் அனுப்பிவிடுவாள். அம்மாவுக்கு இதில் கொஞ்சம் வருத்தம்தான். அதனால் போன காலம் திரும்பி வரப்போகிறதா என்ன? ஒன்றும் வராது.

அப்பா மயங்கி விழுந்த மறுநாள் காலை, ஊரின் மறுகோடியில் இருந்த அந்த மருத்துவமனைக்கு நானும் கூடப் போனேன். அப்பாவை நாற்காலி வண்டியில் வைத்துத் தள்ள ஆள் வேண்டும், அம்மாவுக்கு முழங்கால் வலி. ஏழு மணிக்கே போய்ச் சேர்ந்தோம். அவள் கவுன்ட்டரில் நின்று டோக்கன் வாங்கினாள். பெயர் கேட்டார்கள், சொன்னாள். நீங்கள் என்ன உறவு என்று கேட்டார்கள், மகள் என்றாள். தொழில் என்னவென்று யாரும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. நீள பெஞ்சில் மற்றவர்களோடு உட்கார்ந்தோம். பக்கத்து அம்மாள் தன் வீட்டுக்காரரின் நெஞ்சுவலி பற்றிச் சொல்லிக்கொண்டே இருந்தார். அவள் ஒரு யோசனையும் சொல்லாமல் கேட்டுக்கொண்டிருந்தாள்.

கூப்பிட்டார்கள். உள்ளே இருந்தவன் இவளைவிடச் சின்னவன். அந்த மருத்துவமனையில் எக்கோ போஸ்டிங்கில் இருக்கிற பையன், கோட்டுப் பையில் பிஸ்கட் பாக்கெட் துருத்திக்கொண்டிருந்தது. அப்பாவைப் படுக்க வைத்துவிட்டுக் கேட்டான்.

“எவ்வளவு நாளா மூச்சு வாங்குது?”

“ஒரு வாரமாத்தான் டாக்டர்” என்றார் அப்பா. “நான்தான் வீட்டுல யார்கிட்டயும் சொல்லலை.”

“மழைக்காலத்துல இருந்து” என்றாள் அவள்.

பையன் நிமிர்ந்து பார்த்தான். “யாராவது டாக்டர் பாத்தாங்களா அப்போ?”

“பாத்தாங்க. வால்வுல சத்தம் இருக்குன்னு தெரிஞ்சது.”

“தெரிஞ்சும் எக்கோ எடுக்கலியா?”

“எடுக்கலை.”

“அதெல்லாம் இப்போ எதுக்கும்மா?” என்றார் அப்பா. அவள் அவர் கையைப் பிடித்து ஒரு தடவை அழுத்திவிட்டு, பையன் கேட்ட மீதிக் கேள்விகளுக்கும் பதில் சொன்னாள். அம்மா முந்தின நாள்தான் சொன்ன கண் இருட்டல், படியில் விழுந்தது, எல்லாவற்றையும் வரிசையாக, ஒன்றையும் குறைக்காமல் சொன்னாள்.

“சரி, கூட வந்தவங்க கொஞ்சம் வெளியே இருங்க” என்று அவன் விளக்கை அணைத்தான்.

அவள் அப்பாவின் சட்டையையும் கண்ணாடியையும் வாங்கிக்கொண்டு வெளியே வந்து, கதவை மெதுவாகச் சாத்தினாள்.